வலையும் வளையும்

வடமராட்சிக் கரையோரக் கிராமம் ஒன்றின் கடற்றொழிலாளர்கள் அண்மையில் ஒரு துண்டுப்பிரசுரம் வெளியிட்டனர். ஒற்றைப் பக்கம், மலிந்த தாள், மங்கிய மை. அத்தாள் கைமாறிக் கைமாறி, கடலைத் தொழிலுக்காக என்றுமே தொட்டறியாத உள்ளூர் ஒன்றின் வாசிகசாலைக்கும் வந்து சேர்ந்தது. அம்மாலையில் நாமும் அங்கிருந்தோம். பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தனர். தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கற்றோரென ஊர் மதிப்பவர், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதனை வாசிக்கத் தொடங்கினார். ஊரையும் ஆட்களையும் சுட்டும் பகுதிகளை விலக்கி, எஞ்சியதை எழுதியவாறே இங்கு தருகிறோம்:

"எங்கள் வளையை இரவில் றோலர் அறுக்கிறது. மீன் வலம் அழிகிறது. நாங்கள் கறையில் நின்று பார்க்கிறோம். வட்டி கட்டுகிறோம், இருக்கிற வளைக்கு அல்ல, அறுந்த வளைக்கு. சட்டம் கொழும்பில் இருக்கிறது. கடலுக்கு எப்போது வரும்?"

முதல் வாக்கியத்தைத் தாண்டுமுன்னரே பெரியவர் நின்றுவிட்டார். அவர் முகத்திலே ஒரு மலர்ச்சி. நச்சினார்க்கினியர் மறுபிறவி எடுத்து வந்தாற்போல் உரை பிறந்தது.

"வளை என்றான் புலவன். வளையாவது மகளிர் முன்கையில் அணிவது. பிரிவாற்றாமையால் மெலிந்த தலைவியின் வளை நெகிழ்தல் அகத்திணை மரபு. ஈண்டு நெகிழவில்லை, அறுக்கப்பட்டது. ஆதலின் இது புதிது புனைதல். நிலம் நெய்தல், உரிப்பொருள் இரங்கல். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடாக இருக்க, இரவு என்றது பொழுது மயக்கம். இனி, றோலர் என்பான் யாவன்? தலைவனோ, பாங்கனோ என ஐயுறற்க. றகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது விதி. அவ்விதியை மீறி வந்தமையால் அவன் வேற்றுநாட்டான் என்பது இலக்கணத்தாலேயே பெறப்பட்டது!"

வாசிகசாலை அதிர்ந்தது. "மாஸ்டர், மிச்சத்துக்கும் உரை சொல்லுங்கோ" என்று ஒரு குரல் எழுந்தது. பெரியவரும் தளரவில்லை. "மீன் வலம் என்றமையால், நல்லூரிலே அங்கப்பிரதட்சணம் செய்யும் அடியார்களைப் போன்று ஆழ்கடல் மீன்களும் வலம் வருகின்றன என்பதாயிற்று. அவ்வலம் அழிகிறது, ஆகவே சமயம் நலிந்தது என்பது குறிப்புப் பொருள். கறையாவது நஞ்சுண்ட கண்டத்துக் கறை. எனவே இவர்கள் நிற்பது சிவபெருமானுடைய கழுத்திலே என்க!"

நாமும் சிரித்தோம். அதனை மறைத்தல் நேர்மையன்று. உரையிலே நயம் இருந்தது, கல்வியும் இருந்தது. சிரிப்பு அடங்கும் வேளையில், மீன்பெட்டி கட்டிய சைக்கிளைப் பிடித்தபடி படலையடியில் நின்ற ஓர் இளைஞன் பேசினான். தாளைக் கொண்டுவந்தவன் அவனே என்பது அப்பொழுதுதான் எமக்குத் தெரிந்தது.

"ஐயா, கடைசி வரி இருக்கு. அதையும் ஒருக்கால் வாசியுங்கோ."

பெரியவர் வாசித்தார். சட்டம் கொழும்பில் இருக்கிறது. கடலுக்கு எப்போது வரும்? அவ்விரு வாக்கியங்களிலே எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆதலால் உரையும் இல்லை. தாளை மடித்து மேசையிலே வைத்தார். சிறிது நேரத்தில் வேறொருவர் அதனை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த அம்மேசையின் காலுக்குக் கீழ்ச் செருகினார். பேச்சு வேறு திசையில் திரும்பிற்று. இளைஞன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.

இக்கட்டுரை அந்தப் பெரியவரைப் பழிப்பதற்காக எழுதப்படுவதன்று. அவர் நல்லவர். அன்று மாலை அங்கே சிரித்த நாம் அனைவரும் எதற்காகச் சிரித்தோம், அச்சிரிப்பினால் எதனைத் தவிர்த்துக்கொண்டோம் என்பதே எமது கேள்வி.

தவிர்த்தது யாது? தமிழ்நாட்டுக் கரைகளிலிருந்து இரவிலே புறப்பட்டு வரும் இழுவைப் படகுகள் எமது வடகடலின் அடியை வாரிச் செல்கின்றன. இழுவைமடி மீனை மட்டும் எடுப்பதன்று. குஞ்சும் முட்டையும் கடற்புல்லும் பாரும் அதற்கு ஒன்றே. நிலத்தை உழுவது போலக் கடலின் அடித்தளத்தை உழுது போகும். கண்ணாடியிழைப் படகிலே சென்று செவுள்வலை விரித்துவிட்டு விடியலுக்குக் காத்திருக்கும் சிறு தொழிலாளியின் வலை அதன் வழியிலே அகப்பட்டால், மிஞ்சுவது கயிற்றுத் துண்டே. ஒரு தொகுதி வலை இலட்சக்கணக்கான ரூபா பெறும். அது கடன் வாங்கிய பணம். போர்க்காலத்திலே கடல் இவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. 2009க்குப் பின்னர் கடல் திறந்தபோது, அங்கே ஏற்கெனவே வேறொருவர் தொழில் நடந்துகொண்டிருந்தது. 2017 யூலையிலே இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. சட்டம் இருக்கிறது. வலை அறுவதும் நிற்கவில்லை.

இவ்வளவையும் அந்தத் துண்டுப்பிரசுரம் ஆறு வாக்கியங்களிலே சொல்லிவிட்டது. இருக்கிற வலைக்கு வட்டி கட்டுவது தொழில். அறுந்த வலைக்கு வட்டி கட்டுவது அடிமைத்தனம். அவ்வேறுபாட்டை எழுத்துக்கூட்டத் தடுமாறும் ஒரு கை பிடித்துவிட்டது. யாப்பும் அணியும் பயின்ற எமது கைகளிலே எத்தனை, அப்படி ஒரு வாக்கியம் எழுதக்கூடியவை?

இச்சிரிப்பு இன்று பிறந்ததன்று. இதற்குப் பரம்பரை உண்டு. எழுத்தறிவை அரசியலின் வாயிற்காவலனாக நிறுத்துவது இந்நாட்டு மேன்மக்களின் பழைய வழக்கம். 1924ஆம் ஆண்டின் ஏற்பாட்டிலே வாக்குரிமை, ஆடவருள்ளும் எழுத்தறிவும், வருமானமோ சொத்தோ உடையவர்க்கே உரியதாக இருந்தது. டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்களே அதனை எதிர்த்து நின்றனர். கல்லாதவன் கையிலே வாக்கைக் கொடுத்தால் நாடு என்னாகும் என்று அன்று பலர் அஞ்சினர். 1931இல் 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்கு வந்தது. நாட்டுக்குப் பின்னாளில் நேர்ந்த பெருங்கேடுகளின் திட்டங்களைத் தீட்டியவர்கள் கல்லாதவர்கள் அல்லர் என்பதை வரலாறு அறியும்.

எழுத்தறியாதவனைப் பழித்தவர்கள் அவனுக்கு எழுத்தைக் கொடுத்தார்களா? 1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனமும் சம போசனமும் வேண்டும் என்றது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்தவேண்டும் என்று 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசு பணித்தபோது, அதுகாறும் நிலத்தில் இருந்த பிள்ளை வாங்கில் ஏறுவதைப் பொறாதவர்கள் பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள். கொட்டிலைக் கொளுத்தியவர்களின் மக்களும் பேரரும், அக்கொட்டிலிலே படிக்க முடியாது போனவர்களின் பேரன் எழுதிய றகர ரகரத்தைக் கண்டு பின்னாளில் நகைத்தனர். கடற்றொழிலாளரின் வரலாறும் பஞ்சமரின் வரலாறும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். இடம்பெயர்ந்து முகாமுக்கு முகாம் அலைந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் அறுந்துபோன கதை வேறு. வாங்கு மறுக்கப்பட்ட பிள்ளையின் கதை வேறு. நகைப்பவரின் வாய் மட்டும் ஒன்றே.

1960களின் தொடக்கத்திலே இலக்கிய உலகில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1954இல் அமைந்த இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தோர் உழைக்கும் மக்களின் பேச்சுமொழியைச் சிறுகதையிலும் நாவலிலும் கொண்டுவந்தபோது, பண்டிதர் தரப்பிலிருந்து எழுந்த கூக்குரல் என்ன? "இழிசனர் வழக்கு" என்பதே. வழக்கு உயர்ந்தோரைச் சார்ந்தது என்னும் தொல்காப்பியர் கருத்தை அதற்கு அரணாகக் காட்டினர். உயர்ந்தோர் யாவர் என்று கைலாசபதியும் சிவத்தம்பியும் அவர்தம் தோழர்களும் திருப்பிக் கேட்டனர். கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் எழுதிய மாந்தர் பட்ட துன்பத்தைப் பற்றி எதிர்த்தரப்பார்க்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அம்மாந்தர் பேசிய மொழியின் திரிபைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. சவரத் தொழில் செய்தவாறே எழுதிய ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' 1961இல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. இழிசனர் வழக்கு என்று இகழப்பட்டது இன்று பல்கலைக்கழகத்தில் பாடம். இகழ்ந்து எழுதப்பட்ட கண்டனங்களை இன்று ஆராய்ச்சி மாணவர் அன்றி வேறெவர் தேடுகின்றனர்?

இவ்வுத்தி யாழ்ப்பாணத்தின் தனிச்சொத்தும் அன்று. 1848இல் இங்கிலாந்துத் தொழிலாளர்களான சார்ட்டிஸ்டுகள் தமது ஆறு கோரிக்கைகளை ஒரு பெருமனுவாகப் பாராளுமன்றத்திலே சமர்ப்பித்தனர். 57 இலட்சம் கையொப்பம் என்றனர். பாராளுமன்றக் குழு எண்ணியபோது 20 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. அவற்றுள்ளும் மகாராணியின் பெயர், நகைச்சுவைப் பத்திரிகையின் பெயர், மூக்கைப் பழிக்கும் பட்டப்பெயர் என விளையாட்டுக் கையொப்பங்கள் சில அகப்பட்டன. சபை குலுங்கச் சிரித்தது. மெய்யாகவே கையொப்பமிட்ட ஏறக்குறைய 20 இலட்சம் மக்களுக்கு என்ன மறுமொழி என்பதை அச்சிரிப்பு விழுங்கிவிட்டது. அன்று ஏளனமாய்ப் போன அந்த ஆறு கோரிக்கைகளுள் ஐந்து பின்னர் சட்டமாயின. இரகசிய வாக்கெடுப்பு 1872இல் வந்தது. உறுப்பினருக்குச் சம்பளம் 1911இல் வந்தது. ஆண்டுதோறும் தேர்தல் என்பது ஒன்றே எஞ்சிற்று.

பிழையுள்ள ஏட்டை எவ்வாறு வாசிப்பது என்பதற்கு எமது மண்ணிலேயே ஓர் ஆசான் இருந்தார். சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையை நினைவுகூர்கிறோம். அவர் கையிலே வந்த ஓலைகள் எத்தகையன? புள்ளியில்லை, எகர ஏகார வேறுபாடில்லை, காலும் ரகரமும் ஒரே கோடு. ஏடு எழுதியவன் காதிலே கேட்டதைக் கை போன போக்கில் எழுதியிருப்பான், இடையிலே செல்லரித்திருக்கும். தாமோதரம்பிள்ளை அவ்வேட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினவனுக்கு நகைச்சுவை உரை கண்டாரா? கண்டிருந்தால் 1887இல் கலித்தொகை அச்சேறியிராது. பிழைக்கு அப்பால் இருந்த பொருளை அவர் தேடினார். பொருளைக் காப்பதற்காகப் பிழையைத் திருத்தினார். நாம் பிழையைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு பொருளை மேசைக் காலின் கீழே செருகுகிறோம். அவருடைய வாரிசுகள் என்று மேடைதோறும் சொல்லிக்கொள்ளவும் நாம் கூசுவதில்லை.

"அப்படியானால் பிழையைப் போற்றச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. வலையை வளை என்று எழுதுவது பிழையே. ழகரமும் ளகரமும் எமது பேச்சிலே ஒலி வேறுபாடு மங்கிப் போனவை. தமிழைத் 'தமிள்' என்று உச்சரித்துக்கொண்டே தமிழ்த்தொண்டு ஆற்றும் கற்றோரும் நம்மிடையே உளர். ஆயினும் எழுத்திலே வேறுபாடு வேண்டும். பிழையான மனு கந்தோரில் திருப்பி அனுப்பப்படும்; பிழையான பிரசுரம் எதிரிக்கு வசதியாகும். செம்மையான தமிழ் தொழிலாளிக்கும் ஆயுதமே. அவனுக்கு அது தேவையில்லை என்று சொல்பவன் அவனுடைய நண்பனல்லன். அவ்வாறே, பிழையாக எழுதப்பட்டதெல்லாம் உண்மை என்று நாம் வாதாடவும் இல்லை. அயலவன் மீது பகைமூட்டுவதும், பெண்ணை இழித்துரைப்பதும், சாதி கிளறுவதும் எழுத்துப்பிழையோடும் வரும், எழுத்துப்பிழை இன்றியும் வரும். அவற்றைப் பொருளிலே பிடித்துத் தாக்கவேண்டும். ளகரத்திலே பிடித்தால், அடுத்த முறை ளகரத்தைத் திருத்திக்கொண்டு அதே நஞ்சோடு வருவான்.

பிழையற்ற எழுத்து நன்மையின் அடையாளமாகுமாயின், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஒடுக்கப்பட்ட மக்களை மறித்து நின்ற கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் யார் என்பதைச் சிந்திக்கவேண்டும். சி. சுந்தரலிங்கம் ஒக்ஸ்போர்டிலே கற்றவர், கணிதப் பேராசிரியராக இருந்தவர், முன்னாள் அமைச்சர். அவருடைய எழுத்திலே ஒற்றுப்பிழை தேடினாலும் கிடைத்திராது. வெளியே நின்றவர்களின் கைகளிலிருந்த பதாகைகளிலே பிழைகள் கிடைத்திருக்கலாம். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமோ பிழையோடு எழுதியவர்களின் பக்கத்திலேதான் நின்றது.

இலக்கண உரை வகுக்கும் ஆற்றல் எமது கற்றோரிடம் இவ்வளவு நிறைந்திருக்குமாயின், அதற்குத் தக்க நூல் வேறு உண்டு. இதே இழுவைப் படகுச் சிக்கல் பற்றி மேடைகளிலே கேட்கும் செந்தமிழே அது. எவரையும் தனித்துச் சுட்டாமல், அப்பேச்சுக்களின் வாய்பாட்டிலே நாமே ஒரு வாக்கியம் புனைந்து தருகிறோம்:

"ஆழிசூழ் தாயகத்தின் பெருமையும் தொப்புள்கொடி உறவின் தொன்மையும் ஒருங்கே பேணி, உரிய தரப்பினருடன், உரிய வேளையில், உரிய முறையில் பேசி, காத்திரமான தீர்வொன்றை எட்டுவோம்."

ஒற்று ஒன்றேனும் பிழைத்ததா? இல்லை. இனி உரை காண்போம். "உரிய" என்னும் சொல் அதே பொருளில் மும்முறை வந்தமையால் சொற்பொருட் பின்வருநிலையணி. தரப்பினர் இன்னார் என்றும், வேளை இன்னது என்றும், முறை இன்னது என்றும் கூறாமையின், மூன்றிடத்தும் பொருள் இன்மையே பொருள் என்க. "எட்டுவோம்" என்பது தன்மைப் பன்மை வினைமுற்று. அதிலே வலை அறுந்தவன் உளப்படுத்தப்பட்டானா என்பது ஆராயத்தக்கது. மேடையில் அவனுக்கு நாற்காலி இடப்படாமையால், உளப்படுத்தப்படவில்லை எனக் கொள்க. காலம் எதிர்காலம், தேர்தல்கள் பல கழிந்தும் இறந்தகாலம் ஆகாத எதிர்காலம். இனித் தொப்புள்கொடி. பிள்ளை பிறந்தவுடன் அதனை அறுப்பது உலக வழக்கு. இங்கே கொடி அறுபடாது காக்கப்படுகிறது; அதற்கு ஈடாக வலை அறுக்கப்படுகிறது. இக்கொடியின் ஒரு முனையிலே படகு முதலாளி, மறு முனையிலே வலை இழந்தவன். ஊட்டம் எத்திசையில் பாய்கிறது என்பதை வாசகர் உய்த்துணர்க.

தமிழ்நாட்டு மக்கள் மீது எமக்குப் பகை இல்லை. அந்தப் படகுகளிலே கூலிக்கு வந்து, பிடிபட்டுச் சிறையிலே கிடக்கும் தொழிலாளியும் ஏழையே. அவனுடைய பிள்ளையும் பசித்திருக்கிறது. படகுக்கும் மடிக்கும் உரியவன் கடலுக்கு வருவதில்லை. இரு கரையிலும் உள்ள ஏழைகளை நடுக்கடலில் மோதவிட்டுக் கரையிலே கணக்குப் பார்ப்பவன் எவனோ, அவனைப் பெயர் சொல்லிக் குறிக்கும் வாக்கியமே உறவைக் காக்கும் வாக்கியம். மேடைத் தமிழ் அதனைச் சொல்வதில்லை.

ஆகவே எமது கற்றோரை நாம் வேண்டுவது இதுதான். நகைக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. நகை கூரிய கருவி. அதனை மேல்நோக்கிப் பிடியுங்கள். கீழ்நோக்கி நீட்டுவதற்குச் சிவப்பு மைப் பேனா போதும். அதுவும் அச்சாகிய பின்னர் அன்று, அச்சாகும் முன்னர். ஒவ்வொரு கரையூரிலும் வாசிகசாலை இருக்கிறது. ஒவ்வொரு வாசிகசாலைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருகிறார். வலைக்கு எந்த லகரம் என்று கேட்க வருபவனைப் படலையடியில் நிறுத்தாமல் உள்ளே அழைத்து வாங்கிலே இருத்துங்கள். அரை மணி நேரம் போதும். அவனுக்கு நீங்கள் லகரம் சொல்லிக்கொடுப்பீர்கள்; அறுந்த வலையின் விலை என்னவென்று அவன் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பான்.

அத்துண்டுப்பிரசுரம் இன்னமும் அந்த மேசைக் காலின் கீழேதான் கிடக்கிறதோ, அறியோம். வளையைத் திருத்தலாம், வலத்தைத் திருத்தலாம், கறையையும் திருத்தலாம். அதன் கடைசி வரியிலே திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. அதற்கு வேண்டியது மறுமொழி.